கிழங்கு வேகவில்லை, பால் திரிந்துவிட்டது!

கேள்வி: புதிதாக ஓ.டி.ஜி. (சிறிய மின்சார ஓவன்) வாங்கி, உருளைக்கிழங்கு கிராட்டின் - அதுதான் கிழங்கு வில்லைகளைப் பாலும் கிரீமும் ஊற்றி ஓவனில் சுடும் பிரெஞ்சுப் பதார்த்தம் - செய்து பார்த்தேனுங்க. கிழங்கை வில்லையாக நறுக்கி, தண்ணீரில் அலசி, பச்சையாகவே அடுக்கினேன். கிரீமுக்குப் பதில் பாலில் பாதிக்குப் பாதி தயிர் கலந்து ஊற்றினேன். ஒரு மணி நேரமாகியும் கிழங்கு நறுக்கென்றே இருந்தது. பாலும் திரிந்து தண்ணீர் விட்டுவிட்டது. எங்கே தப்பு?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: ஓவன் மேல் பழி போடாதீங்க அம்மணி, வினை தயிரில் இருக்கிறது. காய் வேகும் முன்னே குழம்பில் புளியைக் கரைத்து ஊற்றினால் என்ன ஆகும்? அதே கதைதான். புளிப்பு பட்டால் கிழங்கின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் லேசில் இளகாது. தயிரின் புரதமோ சூட்டில் சுருங்கித் தண்ணீரைக் கக்கிவிடும்.

அடுத்தது அந்த அலசல். நறுக்கியதும் தண்ணீரில் போடுவது நம் கைப்பழக்கம், வறுவலுக்குச் சரி. இங்கே பாலைக் கெட்டியாக்குவதும், திரியாமல் தாங்குவதும் நீங்கள் கழுவிக் கொட்டிய கிழங்கு மாவுதான். கறுத்துவிடும் என்று பயமாக இருந்தால், சீவச் சீவ நேராகப் பாலிலேயே போடுங்கள்.

ஒரு கிலோ கிழங்குக்கு அரை லிட்டர் பால், 200 மில்லி கிரீம். ஆவின் என்றால் ஆரஞ்சு பாக்கெட். அதில் 6 சதவீதம் கொழுப்பு. வீட்டில் எருமைப்பால் இருந்தால் இன்னும் விசேஷம். மேட்டுப்பாளையம் மண்டிக்கு வரும் ஊட்டிக் கிழங்கே போதும். விரலால் தேய்த்தாலே தோல் உரியும் இளங்கிழங்கில் மாவு குறைவு, வேண்டாம். சிப்ஸ் கட்டையில் 3 மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி, பாலும் கிரீமும் சேர்த்து, தட்டிய பூண்டு, உப்பு, மிளகு, துளி ஜாதிக்காய் போட்டு, அடுப்பில் சிறு தீயில் பத்து நிமிடம் வேகவிடுங்கள். பால் கரண்டியில் ஒட்டும் பதம் வந்ததும் வெண்ணெய் தடவிய தட்டில் கொட்டிப் பரப்பி, 170 டிகிரியில் 40 நிமிடம். கத்தி தடையில்லாமல் இறங்க வேண்டும். கடைசி ஐந்து நிமிடம் ஓவனின் மேல் சூட்டுக் கம்பி மட்டும் எரியட்டும்.

சீஸ்? பிரான்சின் தோஃபினே பகுதிப் பழைய முறையில் அது கிடையாது. 1788-ல் அங்கே காப் என்ற ஊரில் நடந்த விருந்தில் இந்தக் கிராட்டினைப் பரிமாறியதாகப் பதிவு இருக்கிறது. ஆசைப்பட்டால் மேலே மட்டும் கொஞ்சம் தூவுங்கள்.

எடுத்ததும் வெட்டிவிடாதீர்கள். கால் மணி நேரம் ஆறினால்தான் பால் கிழங்கோடு இறுகித் துண்டு துண்டாக எடுக்க வரும்.