வாடகை ஒப்பந்தம்: நோட்டரி முத்திரையோடு வேலை முடியவில்லை

பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார் வீட்டுக்காரர். மூன்று மாதம்தானே சட்டம்? (வாசகி, வேளச்சேரி)

2019-இல் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாதம்தான் என்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு தொகைக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் அதுவே செல்லும். பேச வேண்டியதைக் கையெழுத்துக்கு முன்பே பேசுங்கள். சாவி கொடுத்த ஒரு மாதத்துக்குள், பாக்கி போக மீதி உங்கள் கைக்கு வர வேண்டும்.

குழாய் ரிப்பேர் யார் செலவு? (தாம்பரம்)

எந்தக் குழாய் என்று எழுதக்கூடாதா? வாஷர், திருகு குழாய், சுவிட்ச், பூட்டு என்றால் குடியிருப்பவர். சுவருக்குள் போகும் பைப், ஒயரிங், வெள்ளையடிப்பு என்றால் உரிமையாளர். 'பெயின்டிங் காசு' என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பதற்கு ஒப்பந்தத்தில் வரி இருக்கிறதா, பாருங்கள்.

20 ரூபாய் பத்திரத்தில் 11 மாதத்துக்கு எழுதி நோட்டரியும் வாங்கியாயிற்று. போதும்தானே? (மதுரை)

போதாது. எத்தனை முறை எழுதினாலும் இதே கேள்வி வருகிறது. பதிவில் இரண்டு வகை உண்டு. சார்பதிவாளரிடம் செய்வது ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு. அதைத் தவிர்க்கத்தான் இந்த 11 மாதக் கணக்கு. 2019 சட்டப்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் செய்வது வேறு. அதற்கு 11 மாதம் என்ற விலக்கே கிடையாது. ஒப்பந்தம், இருவரின் ஆதார், பான் விவரங்களோடு அரசின் இணையதளத்தில் விண்ணப்பித்துப் பதிவு எண் வாங்குங்கள். புதுப்பிக்கும்போதும் அப்படியே. எண் இல்லாத காகிதத்தை வைத்துக்கொண்டு வாடகை இவ்வளவு, உயர்வு இவ்வளவு என்று வாதாட முடியாது.

வரிக்குப் பயந்து உரிமையாளர் பதிவைத் தட்டிக்கழிக்கிறார். மனத்தாங்கல் வேண்டாமென்று குடியிருப்பவரும் சும்மா இருக்கிறார். அடி விழுவது குடியிருப்பவருக்கு. எழுத்து ஒப்பந்தம் செய்யத் தவறியதே வீட்டைக் காலி செய்யக் கோரும் காரணங்களில் ஒன்று. வாய்ப்பேச்சில் இருபது வருடம் குடியிருந்தவர்களுக்கு 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைச் சட்டம் கொடுத்த பாதுகாப்பு இப்போது இல்லை.

இரண்டு மாத வாடகை பாக்கி. கரண்டை நிறுத்தலாமா? (திருச்சி)

கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரி உடனே திரும்பக் கொடுக்கச் சொல்வார். தவறு உங்கள் மேல் திரும்பும். எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றம் போங்கள். ஒப்பந்தத்துக்குப் பதிவு எண் இருக்கிறதா?

வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுக்கிறார். (கோவை)

மணியார்டரில் அனுப்பி, திரும்பி வந்த தாளைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு வாடகை அதிகாரியிடம் செலுத்தலாம். ஒரு மாதம்கூட விட்டுவிடாதீர்கள்.