கூரையைப் பார்த்துச் சோலார் போடுங்கள்: திருகோணமலை வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

உப்புவெளி: ஐயா, மாதம் 150 யூனிட் அளவில் போகிறது. 5 கிலோவாட் போடச் சொல்கிறார்கள். சரியா?

உங்கள் வீட்டுக்கு அது பெரிது. நம் பக்கத்து வெயிலில் 1 கிலோவாட் பனல் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும், மாதம் 120 அளவில். மாரி மழையில் நன்றாகக் குறையும், பங்குனி சித்திரையில் கூடும். 2 கிலோவாட் போதும். ஆனால் ஒரு மாத பில்லை வைத்து முடிவெடுக்காதீர்கள், 12 மாத பில்களையும் எடுத்துப் பாருங்கள். ஏசி பூட்டும் எண்ணம் இருந்தால் 3 கிலோவாட் கேளுங்கள். கடன் எடுத்துப் பெரிதாகப் போடுவதை நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

தம்பலகாமம்: அண்ணா, கரண்ட் போனாலும் சோலார் ஓடும்தானே?

பனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் பெட்டி, அதாவது இன்வேர்ட்டர், சாதாரண வகை என்றால் ஓடாது, தங்கச்சி. வெளி லைனில் கரண்ட் போனதும் அது தானாக நின்றுவிடும். இல்லாவிட்டால் உங்கள் கூரையிலிருந்து போகும் மின்சாரம் கம்பத்தில் வேலை செய்பவரின் உயிரை எடுத்துவிடும். 2022 இல் மணிக்கணக்கில் கரண்ட் வெட்டியபோது சோலார் இருந்த பல வீடுகளும் இருட்டில் இருந்தது இதனால்தான். பற்றரியோடு ஓடும் ஹைபிரிட் இன்வேர்ட்டர் வேண்டும். 5 யூனிட் கொள்ளும் லித்தியம் பற்றரி இருந்தால் இரண்டு ஃபேன், லைட்டுகள், ஃபிரிட்ஜ் இரவு முழுக்க ஓடும். ஏசியையும் மோட்டரையும் அதில் கொழுவாதீர்கள். தகரக் கொட்டிலுக்குள் பற்றரியை வைக்கவும் வேண்டாம், சூட்டில் அதன் ஆயுள் குறையும்.

நிலாவெளி: வீடு கடலுக்குக் கிட்ட. உப்புக்காற்றுக்குப் பனல் தாங்குமா?

நம் ஊரில் எல்லாரும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இது. பனல் தாங்கும், அதைப் பிடித்திருக்கும் இரும்புதான் தாங்காது. மலிவான பிரேம் சீக்கிரமே கறள் பிடிக்கும். அலுமினியப் பிரேமும் 316 தரத் துருப்பிடிக்காத போல்ட்டும் எழுத்தில் கேளுங்கள். 304 தரம் என்று சொன்னால் கடற்கரைக்கு அது போதாது. பனலுக்கு ஐஈசி 61701 உப்புச் சோதனைச் சான்று இருக்கிறதா என்றும் பாருங்கள். இன்வேர்ட்டரைக் கடலைப் பார்க்காத சுவரில், நிழலில் பூட்டுங்கள்.

கழுவும்போது உவர்க்கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படிந்துவிடும். நல்ல தண்ணீரால், வெயில் ஏறுமுன் கழுவுங்கள். அப்புறம் காற்று: 2020 டிசம்பரில் புரெவிப் புயல் நம் கரையில்தான் ஏறியது. எத்தனை இடத்தில், எந்த மரத்தில் பிரேமைப் பிடிக்கிறார்கள் என்று நீங்களே கூரைக்குக் கீழே நின்று பாருங்கள்.

கிண்ணியா: நெட் மீற்றரிங், நெட் அக்கவுண்டிங், எது நல்லது?

இரண்டும் வீட்டுப் பாவனைக்கு மிஞ்சிய சோலார் மின்சாரத்தை வெளி லைனுக்குக் கொடுத்துக் கணக்குப் பார்க்கும் முறைகள். மீற்றரிங்கில் மிஞ்சும் யூனிட் கணக்கில் சேரும், காசு வராது. அக்கவுண்டிங்கில் மிஞ்சியதற்குக் காசு வரும். நண்பருக்குக் கிடைத்த விலை உங்களுக்கும் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். 2016 இல் அக்கவுண்டிங் திட்டம் தொடங்கியபோது முதல் 7 ஆண்டுக்கு யூனிட்டுக்கு 22 ரூபா, பின்பு 15.50 ரூபா என்று 20 ஆண்டு ஒப்பந்தம் எழுதினார்கள். அதற்குப் பிறகு விலை பலமுறை மாறிவிட்டது. உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் இன்றைய விலையைக் கேட்டு, அனுமதி கைக்கு வந்த பிறகே முற்பணம் கொடுங்கள்.

மூதூர்: பக்கத்து வளவுத் தென்னை நிழல் மத்தியானத்துக்குப் பிறகு விழுகிறது.

தொடராக இணைத்த பனல்களில் ஒன்றில் நிழல் விழுந்தாலும் மற்றவையும் சேர்ந்து குறையலாம். நிழல் படாத பக்கத்துக்கு மாற்றுங்கள். தெற்குப் பார்த்தால் சிறப்பு, கிழக்கோ மேற்கோ என்றாலும் நட்டம் கொஞ்சம்தான்.

ஓர்ஸ் ஹில்: பழைய அஸ்பெஸ்டோஸ் சீட் கூரை. அதிலேயே பூட்டலாமா?

சீட்டின் பலத்தை நம்பிப் பூட்டவேண்டாம். பனல் பிரேமின் பிடி கூரையின் மரச்சட்டத்தில் இறங்கவேண்டும். சீட் உளுத்திருந்தால் முதலில் கூரையை மாற்றுங்கள். பனல் போட்ட பின் மாற்றுவதென்றால் கழற்றிப் பூட்டும் கூலி இரண்டாவது செலவாகும்.