முக்கோணக் காதல் நாடகத்தில் பழி யார் மேல் விழ வேண்டும்?

இரண்டு பெண்களும் ஓர் ஆணும் வரும் மேடை நாடகம் எழுதிவருவதாகவும், ஏமாற்றப்பட்ட நாயகி மற்றவளைப் பழிவாங்கும் முடிவு நம்பும்படி அமையவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். பழி தவறான ஆள்மேல் விழுவதே அதற்குக் காரணம் என்று கருதுகிறேன். திருநெல்வேலிப் பக்கத்துக் கோயில் கொடை விழாக்களில் விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவனாதலால், எனக்கு இரண்டு கதைகள் நினைவுக்கு வருகின்றன.

முத்துப்பட்டன் கதையில், பிராமணனான பட்டன் அருந்ததியர் குலத்து அக்காள் தங்கையரான பொம்மக்கா, திம்மக்கா இருவர்மேலும் காதல் கொண்டு, பூணூலையும் குடுமியையும் அறுத்தெறிந்து, செருப்புத் தைக்கும் தொழிலையும் ஏற்று அவர்களை மணக்கிறான். பாபநாசத்துக்கு மேலே, காரையாற்றுச் சொரிமுத்து ஐயனார் கோயிலில், இறந்தபின் பட்டவராயன் என்னும் தெய்வமாகிவிட்ட அவனுக்கு இன்றும் செருப்பைக் காணிக்கையாகச் செலுத்துகிறார்கள். மூவர் இருந்தும் அங்கே பொறாமை மூளவில்லை. ஒருவரிடம் ஒருவர் எதையும் மறைக்காததால்தான் என்பது என் எண்ணம்.

நீலி கதையில் நடப்பது வேறு. தாசி வீட்டில் கைப்பொருளையெல்லாம் இழந்தவனை அவளுடைய தாய் துரத்திவிட, மகளோ அன்பு விடாமல் நகைகளோடு அவன் பின்னாலேயே சென்று, காட்டில் அவன் மடியில் தலைவைத்து உறங்கிப்போகிறாள். அவன் மணலைத் தலையணையாகக் கூட்டி, அவள் விழித்துவிடாதபடி தலையை மெல்ல அதில் இறக்கி வைத்துவிட்டு, நகைகளுக்காகக் கல்லைத் தூக்கிப் போடுகிறான். அந்தக் கல்லைக் காட்டிலும் மணல் தலையணைதான் எனக்குத் தாங்கமுடியாததாக இருக்கிறது. பார்த்திருந்த சாட்சி ஒரு கள்ளிச் செடி மட்டுமே. மறுபிறவியில் நீலியாக வரும் அவள், கள்ளிக் கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, ஊரார் முன் நின்று அவனிடமே பழி தீர்க்கிறாள்.

உங்கள் நாயகியின் கோபம் முதலில் மற்றவள்மேல் பாய்வது இயல்புதான்; அவன்மேல் ஆசை மிச்சமிருக்கும்வரை அவனை வெறுக்க அவளுக்கு மனம் வராது. அதை நாடகத்தின் நடுப்பகுதியில் வைத்துக்கொள்ளுங்கள். அவன் இருவரிடமும் ஒரே வாக்குறுதியை, ஒரே சொற்களில் கொடுத்திருக்கட்டும். இரு பெண்களும் சண்டையிடும் காட்சியில் அந்தச் சொற்கள் தற்செயலாக வெளிவந்து, மற்றவளும் தன்னைப்போல் ஏமாந்தவள் என்று நாயகி உணர்ந்துவிட்டால், அதன்பின் பழி எந்தப் பக்கம் திரும்பும் என்பதைப் பார்ப்பவர்களே உணர்ந்துகொள்வார்கள். அவன் மறைவில் செய்த துரோகம் அத்தனை பேர் முன்னிலையிலும் வெளிப்பட வேண்டுமாகையால், கடைசிக் காட்சியைத் தனியறையில் வைக்காமல், அவனை மதிக்கும் ஊர்க்கூட்டத்தின் நடுவே அமையுங்கள்.