பூட்டிய காயின், சைடுசெயின்: மதுரைப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

திருமங்கலம்: அண்ணே, காயினை ஒரு வருஷம் பூட்டி வச்சாலே சைடுசெயினுக்குப் பாதுகாப்பு வந்துருமா?

வராது தம்பி. சைடுசெயின் என்பது முதன்மை செயினோடு இணைந்து ஓடும் தனி செயின். அதில் பிளாக்குகளுக்குக் கையெழுத்திடுபவர்தான் வாலிடேட்டர். பூட்டு அந்த ஆளை ஓடவிடாமல் நிறுத்தும், அவ்வளவுதான். ஒரே உயரத்தில் (செயினில் பிளாக்கின் வரிசை எண்) இரண்டு பிளாக்குக்குக் கையெழுத்துப் போட்டவனின் காயினைப் பறிக்க வழி இருந்தால்தான் அவனுக்குப் பயம் இருக்கும். எத்தீரியத்தில் அந்தப் பறிப்பை, அதாவது ஸ்லாஷிங்கை, செயினே செய்துவிடுகிறது. பிட்காயினில் காயினைச் செலவிடும் நிபந்தனைகளை எழுதும் ஸ்கிரிப்டால் இன்னொரு செயினில் நடப்பதைப் பார்க்க முடியாது. அதனால், பூட்டிய பிட்காயினை வைத்து மற்ற செயின்களுக்குப் பாதுகாப்புத் தரும் பாபிலோன் திட்டம் வேறு வழி பிடித்தது: ஒரே உயரத்துக்கு இருமுறை கையெழுத்திட்டால், அந்த இரண்டு கையெழுத்துகளை வைத்தே ரகசியச் சாவியைக் கணக்கிட்டு எடுத்துவிடலாம். மிகவும் அழகான ஏற்பாடு இது.

மேலூர்: வெளியே எடுக்க ஏன் இத்தனை நாள் காத்திருக்கணும்?

தப்பைக் கண்டுபிடித்து, ஆதாரத்தை செயினில் ஏற்றி, தண்டனை முடியும் வரை காயின் உள்ளே இருந்தாக வேண்டும். காஸ்மாஸ் ஹப் என்ற செயினில் 21 நாள். காயின் வெளியே போனபின் பழைய சாவிக்காரனுக்கு இழக்க ஒன்றுமில்லை. அந்தச் சாவிகளால் பொய்யான பழைய வரலாற்றையே எழுதிக் காட்டலாம். ஆகவே உங்கள் நோடு (செயினை ஓட்டும் கணினி) அந்தக் காலத்தைவிட அதிக நாள் அணைந்து கிடந்திருந்தால், நம்பகமான இடத்திலிருந்து சமீபத்திய பிளாக் ஹாஷை (பிளாக்கின் கைரேகை போன்ற எண்) வாங்கிச் சரிபார்த்துவிட்டே ஒத்திசைக்கவும்.

அண்ணா நகர்: சார், சிஎல்டிவி (குறித்த கெடு வரை காயினைப் பூட்டும் ஸ்கிரிப்ட் கட்டளை) வச்சு பிட்காயினைப் பூட்டினேன். கெடு தாண்டியும் எடுக்க முடியல.

முதலில் மூன்றைப் பாருங்க. செலவிடும் பரிவர்த்தனையின் லாக்டைம் (அது எப்போதிலிருந்து செல்லும் என்ற எண்), ஸ்கிரிப்டில் உள்ள எண்ணுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். உள்ளீட்டில் உள்ள சீக்வென்ஸ் என்ற எண் உச்ச மதிப்பில் (0xffffffff) இருக்கக் கூடாது. நிறைய பேர் விட்டுவிடுவது இதைத்தான். அடுத்தது, 50 கோடிக்குக் குறைந்த எண் பிளாக் உயரம், 50 கோடியும் அதற்கு மேலும் யூனிக்ஸ் நொடி (1970 ஜனவரி 1 முதல் எண்ணும் நொடி). இரண்டையும் கலந்தால் நிராகரிக்கும். நொடிக்கணக்கு என்றால் கடைசி 11 பிளாக்குகளின் இடைநிலை நேரத்தோடுதான் ஒப்பிடும். அதனால் ஒரு மணி நேரம் போலப் பின்தங்கும்.

நொடிக்குப் பதில் மில்லிநொடியை எழுதிப் பூட்டியிருந்தால் அந்தக் காயின் திரும்பவே திரும்பாது. ரிடீம் ஸ்கிரிப்டை (பூட்டின் நிபந்தனைகள் முழுதும் எழுதிய ஸ்கிரிப்ட்) தொலைத்தாலும் அதே கதிதான், சாவி கையில் இருந்தும் பயனில்லை. ஆகவே மதிப்பில்லாத காயினை வைத்துச் சோதிக்கும் டெஸ்ட்நெட்டில் 10 பிளாக் மட்டும் பூட்டி, எடுத்துப் பார்த்தபின் உண்மையான காயினைத் தொடுங்க. ஆறு மாதத்துக்கு, நாளுக்கு 144 பிளாக் வீதம் 144 × 180, அதாவது இப்போதைய உயரத்தோடு 25,920 பிளாக் கூட்டிக் கணக்கு வைக்கலாம்; நாள் கொஞ்சம் முன்பின் ஆகும்.

உசிலம்பட்டி: இங்க கரண்ட் அடிக்கடி போகுது. அதே சாவியோட இன்னொரு மெஷின்ல வாலிடேட்டரைத் தயாரா வச்சுக்கலாமா?

வேண்டவே வேண்டாம். கரண்ட் திரும்பியதும் இரண்டும் ஓடும், இரண்டும் கையெழுத்திடும். காஸ்மாஸ் ஹப்பில் நோடு அணைந்து கிடந்தால் அபராதம் 0.01%, இரட்டைக் கையெழுத்துக்கு 5%. அதோடு அந்தச் சாவி நிரந்தரமாகச் சிறையில். யூபிஎஸ் வாங்குங்க. மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழைய மெஷினை அணைத்து, அதிலிருந்து சாவியை அழித்து, கடைசியாகக் கையெழுத்திட்ட உயரம் பதிவான கோப்பையும் சேர்த்து நகர்த்துங்க.

மாட்டுத்தாவணி: ஸ்டேக் (வாலிடேட்டர்கள் பூட்டிய காயின்) நிறைய இருந்தா செயின் பத்திரம்தானே?

ஒரு செயினிலிருந்து இன்னொன்றுக்குக் காயினைக் கொண்டுபோகும் பிரிட்ஜையும் பாருங்க. 2022 மார்ச்சில் ரோனின் என்ற சைடுசெயினின் பிரிட்ஜில் 9 வாலிடேட்டர் சாவிகளில் 5 திருடர் கையில் சிக்கின. 1,73,600 ஈத்தர் (எத்தீரியத்தின் காயின்) போனது. பூட்டிய தொகை பிரிட்ஜில் கிடக்கும் தொகையைவிடக் குறைவாக இருந்தால், ஸ்டேக்கை இழந்தாவது திருடுவது லாபமாகிவிடும். பிரிட்ஜ் ஒப்பந்தத்தை (பிரிட்ஜை இயக்கும் நிரல்) மாற்றும் சாவி எத்தனை பேரிடம், மாற்றம் அமலாக எத்தனை நாள் தாமதம் என்பதையும் கேளுங்க. தாமதமே இல்லையென்றால் அங்கே பெரிய தொகை போடாதீங்க.