அப்பாவின் ரிக்கார்டுகளை விற்கலாமா?

கேள்வி: அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன ஆவணியில் காலமானார். பொன்மலை வீட்டைக் காலி செய்துவிட்டு அம்மாவை என்னோடு பெங்களூருக்கு அழைத்துப் போகிறேன். பீரோவிலும் பரணிலும் அவர் சேர்த்து வைத்த பாட்டு ரிக்கார்டுகளை எண்ணிப் பார்த்தேன். பெரிய எல்.பி. 180, சின்ன ஈ.பி. 140, அப்புறம் கனமான பழைய பிளேட்டுகள் 60. ஒவ்வொரு உறையின் பின்னாலும் வாங்கிய தேதியை எழுதி வைத்திருக்கிறார். ஒரு வியாபாரி வந்து பார்த்துவிட்டு மொத்தத்துக்கும் 25,000 ரூபாய் தருவதாகச் சொன்னார், இந்த வாரமே பதில் வேண்டுமாம். "எல்லாப் பாட்டும் போன்லயே இருக்கு, கொடுத்துடுக்கா" என்கிறான் தம்பி. எனக்கு மனசு வரவில்லை. ஆனால் எங்களுடையது இரண்டு பெட்ரூம் ஃப்ளாட். என்ன செய்யட்டும்?
— வாசகி, திருச்சி

பதில்: முதல் காரியமாக அந்த வியாபாரிக்குப் போன் செய்து, இந்த வாரம் முடியாது, வேண்டுமானால் அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிடுங்கள் சகோதரி. நல்ல ரிக்கார்டாக இருந்தால் அடுத்த மாதமும் வருவார். 25,000-ஐ 380-ஆல் வகுத்தால் ஒன்றுக்கு 66 ரூபாய்கூட வரவில்லை. அதற்காக அவர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல மாட்டேன். மொத்தமாக எடுப்பவர் அதில் இருபது முப்பதை மனசில் குறித்துக்கொண்டுதான் விலை சொல்வார், மீதியைச் சுமந்து போய்ப் பல வருஷம் கடையில் வைத்திருக்க வேண்டியதும் அவர்தான். அந்த இருபது எவை என்று அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. அது தெரியாமல் சரி என்றும் சொல்லக் கூடாது, முடியாது என்றும் சொல்லக் கூடாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் பெரியப்பா வீட்டை இடிக்கும்போது அவருடைய பிளேட்டுகளை எல்லாம் ஒரே நாளில், பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், வந்தவரிடம் தூக்கிக் கொடுத்தது நான்தான். வீட்டில் ஆளாளுக்கு அவசரப்படுத்தினார்கள், எனக்கும் வேலை முடிந்தால் போதும் என்றிருந்தது. இரண்டு வருஷம் கழித்து அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு நாற்பது பக்க நோட்டு கிடைத்தது. அதில் ஒவ்வொரு பிளேட்டுக்கும் ஒரு வரி: கம்பெனி, லேபிள் எண், பாடியவர், எந்த ஊரில் வாங்கியது. டி.என். ராஜரத்தினம் பிள்ளை நாகஸ்வரம் இருந்திருக்கிறது, ஒரு முழு நாடக செட் இருந்திருக்கிறது. இப்போது என்னிடம் அந்த நோட்டு மட்டும்தான் இருக்கிறது.

இனி இடப் பிரச்சினை. 180 எல்.பி.யை நிற்க வைத்தால் ஏறக்குறைய இரண்டரை அடி அகலம்தான் பிடிக்கும். எடை 45 கிலோ வரும், அதனால் பலகை மட்டும் உறுதியாக இருக்க வேண்டும். ஹாலில் டி.வி.க்குக் கீழே இருக்கிற தட்டு போதும். ஆகவே இடம் இல்லை என்பதற்காக விற்க வேண்டாம். கேட்க ஆள் இல்லை என்றால் விற்கலாம், அது வேறு காரணம், நியாயமான காரணமும்கூட.

கேட்க ஆள் இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? போட்டுக் கேட்டால்தான் தெரியும். அப்பாவின் பிளேயர் பரணில் இருக்கும். இறக்கியதும் உற்சாகத்தில் எதையாவது போட்டுவிடாதீர்கள். வருஷக்கணக்கில் கிடந்ததில் உள்ளே இருக்கும் ரப்பர் இறுகிப் போயிருக்கும், ஊசி தேய்ந்திருக்கும், தேய்ந்த ஊசி ரிக்கார்டில் பாட்டு பதிந்திருக்கிற வரிகளை உழுதுவிடும். பழைய ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் பழுது பார்ப்பவர்கள் திருச்சியில் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுத்து ஊசியை மாற்றுங்கள். தேறாது என்றால் புதிதாக வாங்கலாம், ஆனால் சூட்கேஸ் போல மூடி வைக்கிற மலிவு பிளேயர் வேண்டாம். அதில் பலவற்றில் ஊசி ரிக்கார்டை அழுத்துகிற எடை அதிகம், அதைக் கூட்டிக் குறைக்கவும் வழி இருக்காது.

தூசியோடு போடவும் கூடாது. பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரில் ஒரே ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டு, மெல்லிய மைக்ரோ ஃபைபர் துணியை நனைத்துப் பிழிந்து, வரிகள் ஓடுகிற வட்டத்திலேயே துடைக்க வேண்டும், குறுக்கே இழுக்கக் கூடாது. நடுவிலிருக்கும் லேபிளில் ஈரம் படக் கூடாது. பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு தடவை துடைத்து, நிழலில் நிற்க வைத்துக் காய விடுங்கள். உள் உறையில் பூஞ்சை பிடித்திருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது உறை போடுங்கள், இல்லாவிட்டால் திரும்பவும் ஒட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியையும் வரச் சொல்லுங்கள். அவனுக்கும் அவர்தான் அப்பா. அம்மாவை நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போடுங்கள். எது ஓடும்போது அம்மா நிமிர்ந்து பார்க்கிறார், எதற்குத் தம்பி போனைக் கீழே வைக்கிறான் என்பதை நீங்கள் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். உறைக்குப் பின்னால் இருக்கும் தேதியையும் படியுங்கள். விற்கப் போனால் அந்தக் கையெழுத்துக்காகவே விலையைக் குறைப்பார்கள், அட்டையில் மை பட்டிருக்கிறது என்பார்கள். உங்களுக்கோ நீங்கள் பிறந்த வருஷத்தில், அப்பா சம்பளம் வாங்கி வரும் வழியில் எதை வாங்கினார் என்று சொல்கிற எழுத்து அது. அந்த மாதிரி முப்பது நாற்பது நிச்சயம் தேறும். அவற்றை எந்த விலைக்கும் விற்க வேண்டாம்.

மீதியில் எதற்கு என்ன மதிப்பு என்று பார்ப்போம். ஆயிரக்கணக்கில் விற்ற ரிக்கார்டுக்கு விலை இல்லை. எம்.எஸ். அம்மாவின் சுப்ரபாதம் 1963-ல் எச்.எம்.வி.யில் வந்தது, அது இல்லாத வீடு இல்லை. போனி எம், ஆபா போன்ற வெளிநாட்டு பாப் குழுக்களின் ரிக்கார்டுகளும் அப்படித்தான். 60-70களின் எம்.எஸ்.வி. ஈ.பி.கள் நிறைய வந்தன, ஆனால் ஆசை ஆசையாகப் போட்டுத் தேய்த்துவிட்டோம், கீறல் இல்லாமல் கிடைப்பதுதான் அபூர்வம். 80-களின் கடைசியில் கேசட் எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டதால் அப்போது எல்.பி. குறைவாகவே அச்சானது, ஆகவே அந்த வருஷங்களின் இளையராஜா எல்.பி. அட்டை கிழியாமல் இருந்தால் இன்றைக்குத் தேடி வருகிறார்கள். டிஸ்காக்ஸ் என்ற இணையதளத்தில் லேபிள் எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஆள் கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள், இதற்கு முன் எவ்வளவுக்கு விற்றது என்று தனியாகக் கொடுத்திருப்பார்கள், அதைப் பாருங்கள். தட்டின் நிலையும் அட்டையின் நிலையும் சேர்ந்துதான் விலை, பத்து மடங்கு வித்தியாசம்கூட வரும்.

கனமான 60 பிளேட்டுகளை இவற்றோடு சேர்க்கவே வேண்டாம். அவை 78 ஆர்.பி.எம்., அதாவது நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடுபவை, எல்.பி. போல வினைல் பிளாஸ்டிக்கே இல்லை, அரக்கு கலந்து செய்தவை. கை தவறினால் அப்பளம் மாதிரி நொறுங்கும். ஸ்பிரிட், சானிடைசர் எதுவும் படக் கூடாது, அரக்கு கரைந்துவிடும். எல்.பி. ஊசியிலும் போடக் கூடாது, இதன் வரி மூன்று மடங்கு அகலம், அதற்கென்று தனி ஊசி உண்டு. போன்லயே இருக்கு என்ற தம்பியின் பேச்சு சினிமாப் பாட்டுக்குப் பெரும்பாலும் சரி, ஆனால் நாடக செட், நகைச்சுவைப் பிளேட்டு, அந்தக் காலத்து நாகஸ்வரம், ஹார்மோனியம் என்று எத்தனையோ இணையத்தில் எங்கும் ஏறவில்லை. ஒவ்வொரு லேபிளையும் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து, சென்னை தரமணியில் இருக்கிற ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு எழுதிக் கேளுங்கள், அவர்களிடம் இசைத்தட்டுச் சேகரிப்பும் இருக்கிறது. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற ஒரு தனி மனிதர் சேர்த்தது, அவர் மறைந்த பிறகு சிதறாமல் 1994-ல் நூலகமானது, அதுதான் அந்த இடம். உங்கள் அப்பாவின் பிளேட்டுக்கு அதைவிட நல்ல வீடு எனக்குத் தெரியவில்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். ரிக்கார்டில்தான் ஒலி உசத்தி என்று யாராவது சொன்னால் அதை நம்பி வைத்துக்கொள்ள வேண்டாம். நம் ஊரில் அச்சான பலவற்றில் புதிதாக இருக்கும்போதே இரைச்சல் உண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகும் மனசில் எதுவும் அசையவில்லை என்றால் தாராளமாக விற்றுவிடுங்கள், அப்பாவுக்குத் துரோகம் ஒன்றுமில்லை. விற்பதற்கு முன் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். புதிதாக அச்சிட்டு வருகிற எல்.பி.களை முதலீடாக வாங்கி வைக்கலாமா? பிரிக்காமல் வைத்திருந்தால் விலை ஏறும் என்கிறார்கள்.
— வாசகர், மதுரை

பதில்: வேண்டாம் தம்பி. விற்றுத் தீர்ந்தால் திரும்ப அச்சிடுவார்கள், அன்றைக்கு உங்கள் கையில் இருப்பதன் விலை இறங்கும். அந்தப் பணத்தை அஞ்சலகத்தில் போடுங்கள். பாட்டுக்காக வாங்கினால் பிரித்துக் கேளுங்கள். வைர ஊசி 500 முதல் 1,000 மணி நேரம் உழைக்கும், எவ்வளவு ஓடியது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜன்னல் ஓரத்தில் படுக்கையாக அடுக்கி வைத்ததில் ஏழெட்டு எல்.பி. வளைந்துவிட்டது. அயர்ன் பாக்ஸ் வைத்து நிமிர்த்தலாமா?
— வாசகர், வேலூர்

பதில்: அயர்ன் பாக்ஸ் பக்கமே கொண்டு போகாதீர்கள். வரிகள் உருகிவிட்டால் பிறகு அதில் பாட்டு இல்லை. வளைவு கொஞ்சமாக இருந்து ஊசி துள்ளாமல் ஓடினால் அப்படியே விடுங்கள். ஊசி துள்ளினால், சுத்தமாகத் துடைத்த இரண்டு கனமான கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் ஒவ்வொன்றாக வைத்து, மேலே சமமாகப் பாரம் ஏற்றி, வெயில் படாத அறையில் சில வாரம் விட்டுப் பாருங்கள். எல்லாம் நிமிராது, சில நிமிரும். மற்றவற்றை இன்றைக்கே ஜன்னலிலிருந்து எடுத்து நிற்க வைத்துவிடுங்கள், சாய்வாக அல்ல, நேராக.