குமரி மாவட்டத்தில் சிறிய வீடு கட்டுகிறோம். மர விலையை எப்படிச் சமாளிப்பது?

இரண்டு அறை, ஒரு ஹால், ஓர் அடுக்களை என்று அளவாக ஒரு வீடு தொடங்கியிருக்கிறீர்கள். பேஸ்மட்டம் முடிந்து நிலை வைக்கும் கட்டம் வந்துவிட்டது. நிலை, கதவு, சன்னல் ஆகியவற்றுக்குக் காண்ட்ராக்டர் சொன்ன தொகையைக் கேட்டு வேலையை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். விலை இறங்கும்வரை காத்திருக்கலாமா, வேறு வழி உண்டா என்பது உங்கள் கேள்வி. 'மரத்தை விட்டுவிட்டு இரும்புக்குப் போங்கள்' என்று சிலர் ஒரே வரியில் பதிலை முடித்திருப்பதைப் பார்த்த பிறகு எனக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை. நான் ஆசாரி வீட்டில் பிறந்தவள். என் கணவர் வளைகுடாவில் வேலையில் இருந்த காலத்தில், வேர்க்கிளம்பிப் பக்கம் எங்கள் சிறிய வீட்டை அடித்தளம் முதல் பால் காய்ச்சு (புதுமனை புகுவிழா) வரை கூட நின்று கட்டி முடித்தேன். உங்களைப் போலவே நாங்களும் கொஞ்சம் கடன், கொஞ்சம் நகை என்று திரட்டித்தான் தொடங்கினோம் என்பதால், உங்கள் கவலை எனக்கு நன்றாகவே புரிகிறது.

முதலில் காத்திருப்பதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்: விலை இறங்கும் என்று நம்பி நிற்காதீர்கள். 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுக்குப் பிறகு, மத்திய அரசின் ஒப்புதல் பெற்ற செயல்திட்டம் இல்லாமல் காட்டில் மரம் வெட்ட முடியாது. பர்மா தேக்கு என்று நாம் கொண்டாடிய மரம் வந்துகொண்டிருந்த மியான்மர், 2014 ஏப்ரல் முதல் உருட்டு மர ஏற்றுமதியைத் தடை செய்தது. இன்று மரம் அறுத்து விற்கும் மில்லில் தேக்கு என்று கிடப்பதில் கணிசமான பகுதி ஆப்பிரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் கப்பலில் வருவது. டாலர் ஏறினால் அதன் விலையும் ஏறும், கப்பல் கூலி ஏறினாலும் ஏறும், பில் போடும்போது 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேரும். இவற்றில் எதுவும் நம் கையில் இல்லை. வீட்டுக்குள் எத்தனை கன அடி மரம் நுழைகிறது என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது. நான் எழுதப் போவது முழுவதும் அதைப் பற்றித்தான்.

காண்ட்ராக்டர் உங்களிடம் 'மர வேலை இவ்வளவு' என்று மொத்தமாக ஒரு தொகை சொல்லியிருப்பார். எங்களிடமும் அப்படித்தான் சொன்னார். அந்தத் தாளை என் அப்பாவிடம் காட்டியபோது அவர் தொகையைப் பார்க்கவே இல்லை. "அளவு எங்க மக்களே?" என்று கேட்டார். ஒவ்வொரு நிலைக்கும் மரத்தின் அகலம், கனம், நீளம் எழுதி வாங்கி வரும்படி திருப்பி அனுப்பினார். அந்த அளவுகள் வந்த பிறகுதான், வீட்டின் உள்ளே அடைத்துத் திறக்கும் சாதாரண அறைக் கதவுக்குக்கூட 5 அங்குலத்துக்கு 4 அங்குல நிலை போட்டிருப்பது தெரிந்தது.

கணக்கு மிக எளிது. அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும், நீளத்தை அடியிலும் வைத்துப் பெருக்கி 144 ஆல் வகுத்தால் கன அடி வந்துவிடும். 7 அடி உயரமும் 3 அடி அகலமும் உள்ள ஒரு நிலைக்கு நான்கு பக்கமும் சேர்த்து 20 அடி மரம் வேண்டும். அதை 5-க்கு 4-இல் செய்தால் ஏறத்தாழ 2.78 கன அடி. 4-க்கு 3-இல் செய்தால் 1.67. உள் அறைகளுக்குக் கீழ்ப்படி இல்லாமல் மூன்று பக்கம் மட்டும் வைத்தால், தரை ஓடும் தடையில்லாமல் போகும், மரமும் 1.42 கன அடியில் முடியும். ஒரே வாசலுக்கு ஏறத்தாழப் பாதி மரம் மிச்சமாகிறது, மரத்தின் தரத்தில் ஒரு பைசாக்கூடக் குறைக்காமல். தலைவாசலுக்கு மட்டும் நாங்கள் நிலைப்படியுடன் பெரிய அளவிலேயே வைத்தோம்; மழைச் சாரலும் பெரிய பூட்டின் எடையும் அங்கேதான் விழுகின்றன, மங்கலமும் அங்கேதான்.

சன்னலுக்கும் இதே கணக்குத்தான். 4-க்கு 4 அடியில் மூன்று கதவு சன்னல் ஒன்றின் சட்டத்துக்கு, நடுக் கால்களையும் சேர்த்து, 24 அடி மரம் வேண்டும். 4-க்கு 3 அங்குல அளவில் அது 2 கன அடி. 3 அடி அகலத்தில் இரண்டு கதவாக வைத்தால் 18 அடி, 1.5 கன அடி. கதவுப் பலகையும் ஒன்று குறைகிறது. காற்று மட்டும் வேண்டிய இடங்களில் சன்னலே வேண்டியதில்லை. திருவனந்தபுரத்தில் வாழ்ந்து மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கும் ஜாலிச் சுவரை எத்தனையோ வீடுகளில் சன்னலுக்குப் பதிலாக வைத்துக் காட்டியிருக்கிறார். அடுக்களையின் பின்பக்கச் சுவரில் அதை வைத்தோம், புகை நிற்பதில்லை. மழை நேராக அடிக்கும் மேற்குச் சுவரில் மட்டும், மேலே சன்ஷேடு இல்லாமல் ஜாலி வைக்காதீர்கள்.

அடுத்து, எந்த மரம் என்பது. நம் மாவட்டத்தில் பிறந்துவிட்டு தேக்கு ஒன்றையே மரம் என்று நினைப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. அயினி நம் தோட்டங்களில் தானாக வளர்வது; நம் பக்கத்துக் கடற்கரையிலும் கேரளத்திலும் தலைமுறை தலைமுறையாக வள்ளம் கட்டியது அந்த மரத்தில்தான். நீரையும் செல்லையும் (கறையானையும்) தாங்கும் மரத்துக்கு நம் வீட்டு வாசல் ஒரு பொருட்டா? பலாவும் அப்படியே. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், தாய்க்கொட்டாரத்தின் ஏகாந்த மண்டபத்தில் ஒற்றைப் பலா மரத்தில் செதுக்கிய தூணைத் தொட்டுப் பார்க்காத குறையாக வியந்துவிட்டு வருகிறார்கள். அதே மரத்தைத் தங்கள் வீட்டுக்கு என்று சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். இரண்டு மரத்திலும் வைரத்தை, அதாவது நடுவிலுள்ள கெட்டிப் பகுதியை, மட்டும் வாங்க வேண்டும்; ஓரத்து வெள்ளையைச் செல்லும் வண்டும் விடாது. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

எங்கள் தலைவாசலும் முன்பக்கச் சன்னல்களும் அயினி. அந்த மரம் 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலில் எங்கள் குடும்பத் தோட்டத்தில் விழுந்தது. அந்த நாட்களில் குமரி முழுவதும் ரப்பரும் தென்னையும் வாழையும் சரிந்து கிடந்தன. விழுந்த மரத்தை வந்த விலைக்குத் தள்ளிவிட்டவர்களே அதிகம். அப்பா விற்கவில்லை. அறுத்து, இரு முனைகளிலும் சாணியைப் பூசி, பலகைக்கும் பலகைக்கும் நடுவே சிறு சட்டம் வைத்து, தரையில் படாமல் ஓட்டுத் தாழ்வாரத்தில் அடுக்கி வைத்தார். முனை சீக்கிரம் காய்ந்தால் மரம் வெடிக்கும், அதைத் தடுக்கத்தான் அந்தப் பூச்சு.

'தோட்டத்தில் மரம் நின்றவருக்கு என்ன கவலை' என்று நீங்கள் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: அந்த ஒரு மரம் முன்பக்கத்துக்குத்தான் போதுமாக இருந்தது. மீதியைக் காசு கொடுத்துத்தான் வாங்கினோம். வாங்கப் போன இடத்தில் நான் பார்த்ததை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

உருட்டு மரத்தை நம் ஊரில் சுற்றளவை நான்கால் வகுத்து அளக்கிறார்கள். அந்த நாலில் ஒன்றை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 144 ஆல் வகுப்பது முறை. மில்காரர் பலாத்தடியின் அடிமுனையில் டேப்பைச் சுற்றி 68 அங்குலம் என்றார். அப்பா மடியிலிருந்து ஒரு கயிற்றை எடுத்து, தடியின் சரி நடுவில் பட்டையைச் செதுக்கிய இடத்தில் சுற்றினார். அந்தக் கயிற்றை இரண்டாக மடித்து, மறுபடியும் இரண்டாக மடித்து, மில்காரர் நீட்டியிருந்த டேப்பின்மேல் வைத்தார். கயிறு 15 அங்குலத்தில் நின்றது. 10 அடி நீளத் தடிக்கு மில்காரர் கணக்கில் 20 கன அடி. அப்பாவின் கணக்கில் 15.6. ஒரு தடியிலேயே நான்கு கன அடிக்கும் மேல் வித்தியாசம், அறுத்துக் கழித்துப் பார்த்தாலும் ஓர் உள் அறை நிலைக்கு மேலான மரம். சத்தம் போடவில்லை, சண்டை போடவில்லை; மில்காரரும் மறுபேச்சுப் பேசாமல் நடு அளவையே எழுதிக்கொண்டார். எல்லா மில்லிலும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை, நேர்மையானவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் எங்கே டேப் வைக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்ப்பது நம் உரிமை. பெண்கள் போனால் அது இன்னும் அவசியம். தடியாக வாங்கினால் அறுத்த பின் கைக்கு வருவது பாதிக்குச் சற்று மேல்தான் என்பதையும், அறுப்புக் கூலியையும் சேர்த்துப் பார்த்து, அறுத்த மரத்தின் விலையோடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.

பழைய மரத்தைப் பற்றி யாரும் எழுதாதது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. கல்குளம், விளவங்கோடு பக்கங்களில் பழைய ஓட்டு வீடுகளைப் பிரித்து, கழுக்கோல் (கூரைச் சட்டம்), உத்திரம், நிலை எல்லாவற்றையும் வாங்கி விற்கும் கடைகள் உண்டு. பல பத்தாண்டுகள் காய்ந்த மரம். இனிமேல் முறுக்காது, சுருங்காது. எங்கள் உள் நிலைகள் அப்படி வாங்கிய உத்திரங்களிலிருந்து அறுத்தவை. வாங்கும்போது ஒரு திருப்புளியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சுவருக்குள் புதைந்திருந்த முனையைக் குத்திப் பாருங்கள். முதலில் இற்றுப்போவது அந்த இடம்தான். திருப்புளி உள்ளே இறங்கினால் அந்த நீளத்தைக் கழித்துவிட்டு விலை பேசுங்கள். மாவு கொட்டும் ஓட்டை இருந்தால் தொடவே வேண்டாம். ஆணி முழுவதையும் பிடுங்காமல் மில்லுக்குக் கொண்டுபோனால் அறுக்க மாட்டார்கள். வாள் பல் போய்விடும். ஆணி பிடுங்கும் கூலியையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் மரம் நம் மாவட்டத்தில் தாராளமாகக் கிடைக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. பச்சையாக அறுத்த ரப்பரைப் பூஞ்சையும் வண்டும் சீக்கிரமே தின்றுவிடும். போரான் மருந்து ஏற்றிப் பதப்படுத்திய பலகை என்றால் உள்ளே அலமாரிக்கும் கட்டிலுக்கும் நன்றாக உழைக்கும். மழை படும் இடத்துக்கு அதுவும் கூடாது. அலமாரித் தட்டுகளுக்கு நாங்கள் மரமே வைக்கவில்லை, கடப்பா கல் வைத்தோம். உள் அறைக்கு ஃப்ளஷ் டோர், குளியலறைக்கு பிவிசி கதவு. இவற்றில் மரத்தைப் போட்டுப் பணத்தை நனைய விடுவதில் எந்தப் பெருமையும் இல்லை.

இரும்பு நிலை, இரும்புச் சன்னலை நான் ஒரேயடியாக மறுக்கவில்லை. திருவட்டாறு, குலசேகரம் போன்ற உள்பகுதியில் இருப்பவர்களுக்கு அது சரியாக வரலாம். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர் என்றால் உப்புக்காற்றில் இரும்பு என்ன ஆகும் என்பதை அங்குள்ள எந்த வீட்டு கேட்டைப் பார்த்தாலும் தெரிந்துகொள்ளலாம். அங்கே சிமெண்ட் நிலையும் யூபிவிசி என்ற கெட்டிப் பிளாஸ்டிக் சன்னலும் பொருந்தும். உங்கள் வீடு கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்காமலேயே இரும்பைப் பரிந்துரைப்பதைத்தான் நான் தவறு என்கிறேன்.

சொந்தபந்தம் என்ன சொல்லும் என்ற பயம் உங்கள் கேள்வியிலும் தெரிகிறது. எங்கள் பால் காய்ச்சு அன்று நெருங்கிய உறவினர் ஒருவர் தலைவாசலைத் தட்டிப் பார்த்து, "தேக்கு இல்லையா?" என்று பத்துப் பேர் நடுவில் கேட்டார். "அயினியாக்கும், எங்க அப்பா செய்தது" என்றேன். அவர் கட்டிய வீட்டின் மரக்கடன் இன்னும் அடையவில்லை என்பது எனக்குத் தெரியும். அதை நான் அங்கே சொல்லவில்லை. ஆனால் நிலைக்கும் கதவுக்கும் கடன் வாங்கிவிட்டுப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கைபிசையும் குடும்பங்களை நம் ஊரில் நிறையப் பார்க்கிறேன் என்பதால், இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள்மேல் எனக்கு இன்றும் கோபம்தான்.

சொந்தத் தோட்டத்து மரமாக இருந்தாலும் தேக்கு, ஈட்டி, சந்தனம் போன்றவற்றில் கை வைக்கும் முன் கிராம நிர்வாக அலுவலரிடமும் வனத்துறையிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். வெட்டவும் வண்டியில் ஏற்றவும் அனுமதி தேவைப்படலாம்.

இனி வேலையை எப்படித் தொடர்வது என்பது. நிலைகளை மட்டும் இப்போது செய்து வைத்துவிட்டுச் சுவரை எழுப்புங்கள். கதவுப் பலகைக்கும் சன்னல் பலகைக்கும் அவசரம் இல்லை. நமக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை; ஈரக் காலத்தில் அளவெடுத்துப் பொருத்திய பலகை கோடையில் சுருங்கி இடைவெளி விடும். மரத்தை வாங்கி நிழலில் அடுக்கி வைத்து, சுவர்ப்பூச்சு நன்றாகக் காய்ந்த பின், தை, மாசியில் ஆசாரியை அழைத்தால் கதவு அடங்கி நிற்கும்; பணம் கொடுப்பதும் இரண்டு தவணையாகப் பிரியும். உங்கள் வாசல், சன்னல் அளவுகளையும் ஊரையும் கீழே எழுதினால், கன அடிக் கணக்கை நானே போட்டுத் தருகிறேன்.