வாஷ் ஏன் கோட்டில் நிற்காமல் பரவுகிறது?

கேள்வி: 1/48 அளவிலான போர்விமான மாடலுக்கு அக்ரிலிக் வண்ணம் பூசி, மேட் (பளபளப்பற்ற) வார்னிஷ் அடித்து, அதன்மேல் எனாமல் வாஷ் (கோடுகளை எடுத்துக்காட்ட விடும், எனாமல் வண்ணத்தை நீர்க்கச் செய்த கலவை) விட்டேன். பேனல் கோடுகளில் (விமானத் தகடுகளின் இணைப்பைக் காட்டும் பள்ளக் கோடுகளில்) மட்டும் நிற்க வேண்டிய வாஷ் இறக்கை முழுவதும் அழுக்குத் திட்டாகப் படிந்துவிட்டது, துடைத்தும் போகவில்லை. மறைப்பதற்காக மறுபடியும் மேட் அடித்தபோது வெள்ளையாகப் பூத்துவிட்டது. சரியான வரிசை எது? இந்த மாடலைக் காப்பாற்ற முடியுமா?

பதில்: பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். ஆனால் முதலில், தவறு உங்கள் கையில் இல்லை, வாஷ் விழுந்த பரப்பில்தான் இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். மேட் பரப்பு கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும் நுண்ணிய அளவில் மேடு பள்ளங்கள் நிறைந்தது. வாஷில் உள்ள நிறமித் துகள்கள் அந்தப் பள்ளங்களில் எல்லாம் தங்கிவிடுவதால் எவ்வளவு துடைத்தாலும் ஒரு கறை மிஞ்சும். கிளாஸ் (gloss), அதாவது பளபளப்பான வார்னிஷ் பூசிய பரப்பில் அவ்வாறு தங்க இடமில்லை. நுனி கூரிய தூரிகையை வாஷில் தோய்த்து, இரண்டு பேனல் கோடுகள் சந்திக்கும் புள்ளியில் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்: நுண்துளை ஈர்ப்பினால் திரவம் தானாகவே கோட்டின் வழியே ஓடி, அடுத்த சந்திப்பு வரை சென்று நிற்கும்.

ஆகவே வண்ணம், கிளாஸ் கிளியர் கோட் (நிறமற்ற பூச்சு), டீக்கால் (சின்னங்கள் அச்சிட்ட ஒட்டுப்படம்), மீண்டும் மெல்லிய கிளாஸ், வாஷ், கடைசியாக மேட் என்பதே நான் பரிந்துரைக்கும் வரிசை. முதல் கிளாஸ் டீக்காலுக்கும் உதவும். கரடான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி, வெள்ளி போல மினுங்கும்.

வரிசையைவிட முக்கியமானது கரைப்பான். மேலே விடும் எதுவும் கீழே இருப்பதைக் கரைக்கக் கூடாது. எனாமல் வாஷும் எண்ணெய் வண்ண வாஷும் ஒயிட் ஸ்பிரிட்டில் (பெட்ரோலியக் கரைப்பான்) கரைபவை; நன்கு காய்ந்த அக்ரிலிக் அல்லது லேக்கர் (வேகமாக ஆவியாகும் கரைப்பான் கொண்ட வகை) கிளியர் கோட்டை ஒயிட் ஸ்பிரிட் பொதுவாகத் தாக்குவதில்லை. எனாமல் வண்ணத்தின் மேல் இடையில் பாதுகாப்புப் பூச்சு இல்லாமல் எனாமல் வாஷை விட்டால், துடைக்கும்போது வண்ணமும் சேர்ந்தே வந்துவிடும். வண்ணம் பூசாத வெறும் பிளாஸ்டிக்கின் மீது வாஷைத் தேங்கவிடவும் வேண்டாம். இழுத்துப் பிடித்து ஒட்டிய இணைப்புகளில் அது கசிந்து இறங்கினால் பிளாஸ்டிக் விரிசல் விடக்கூடும்.

கிளாஸ் பூச்சை ஒரே நாளில் நம்பிவிடாதீர்கள். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்கும் முழுதாக இறுகிவிட்டது என்பதற்கும் வேறுபாடு உண்டு. நான் 24 மணி நேரமாவது, முடிந்தால் 48 மணி நேரம், விட்டுவைப்பேன். வாஷ் விட்டு அதன் ஈரப்பளபளப்பு மங்கிய பிறகு, ஒயிட் ஸ்பிரிட்டில் நனைத்து நன்றாகப் பிழிந்த பஞ்சுக்குச்சியால், இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பை நோக்கி, காற்று ஓடும் திசையிலேயே துடையுங்கள். அப்போது மிஞ்சும் மெல்லிய கீற்றுகூட விமானம் பறந்ததால் படிந்த அழுக்கைப் போலவே தோன்றும். நிறத்தைப் பொறுத்தவரை தூய கறுப்பை நான் பயன்படுத்துவதில்லை: பச்சைக்கு அடர் பழுப்பும், வெளிர் சாம்பலுக்கு நடுத்தரச் சாம்பலும் போதும், 1/48 அளவில் கறுப்புக் கோடு கட்டம் போட்ட தாளைத்தான் நினைவூட்டும்.

வெள்ளைப் பூத்தலுக்குக் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். மேட் வார்னிஷ் புட்டியின் அடியில் படிந்திருக்கும் மேட் பொடியைச் சரியாகக் கலக்காமல், அல்லது தடிமனாக அடித்திருந்தால், பொடி திட்டாக வெளுத்து நிற்கும். ஈரப்பதம் மிகுந்த நாளில் லேக்கர் அடித்திருந்தால், தின்னர் (வண்ணத்தை நீர்க்கச் செய்யும் கரைப்பான்) வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் பூச்சில் படிந்து வெளுக்கும். முதலாவதற்கு மேலே ஒரு மெல்லிய கிளாஸ் அடித்தால் பொடித் துகள்கள் நனைந்து வெண்மை பெரும்பாலும் மறையும். இரண்டாவதற்கு, வறண்ட நாளில் அதே வகை லேக்கர் தின்னரைப் பனி போல மிக லேசாக ஏர்பிரஷ்ஷில் (காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் கருவி) அடித்துப் பாருங்கள். எதுவானாலும் முதலில் இறக்கையின் அடிப்பக்கத்தில் சோதித்துக்கொள்ளுங்கள்.

இறக்கையின் கறை இப்போது இரண்டு மேட் பூச்சுகளுக்கு இடையே சிக்கியிருப்பதால் அதை இனித் துடைத்து எடுக்க இயலாது. வெண்மை நீங்கிய பின், அடிப்படை நிறத்தை மிகவும் நீர்த்துப்போகக் கரைத்து, கறை அடர்ந்த இடங்களில் மட்டும் ஏர்பிரஷ்ஷால் ஒரு மெல்லிய திரை போல அடித்து, அது காய்ந்ததும் கிளாஸிலிருந்து மறுபடி தொடங்குங்கள். இறுதி மேட் பூச்சைப் பல மெல்லிய படலங்களாகவே அடியுங்கள். விமானியின் கண்ணாடிக் கூண்டை மூடிய ஒட்டுநாடாவை அந்த மேட் பூச்சு முழுதாகக் காய்ந்த பிறகே உரியுங்கள்.